கேட்காமல் ஏற்றிய கொடி

தேசியக் கொடியைப் பற்றி எட்டாம் வகுப்புக்கு ஒரு நாள் பாடம் நடத்தச் சொன்னார் தலைமையாசிரியர் சக்கரவர்த்தி. காவி என்றால் தியாகம், வெள்ளை என்றால் உண்மை, பச்சை என்றால் செழிப்பு. மூன்றே வரி. பிள்ளைகள் மனப்பாடம் செய்து சுதந்திர தினத்தன்று மைக்கில் ஒப்பித்துவிட்டால் போதும் என்றார். தேவயானிக்கு இந்தப் 'போதும்' என்ற சொல்லே ஆகாது. ஆலங்காயத்திலிருந்து திங்கட்கிழமை விடியலில் ஷேர் ஜீப்பில் தொங்கிக்கொண்டு மலையேறி, நெல்லிவாசல்நாட்டுப் பக்கத்து உறைவிடப் பள்ளியில் ஐந்து வருடமாகச் சமூக அறிவியல் நடத்துகிறவள் அவள். மூன்று வரி ஒப்பிப்பதற்கா இந்த இடுப்பு வலி?

அதனால் முழுக் கதையையும் சொன்னாள். ஒரு காலத்தில் வரைந்த கொடியில் இந்த நிறம் இந்த மதத்தாருக்கு, அந்த நிறம் அந்த மதத்தாருக்கு என்று பிரித்துச் சொல்லியிருந்தார்கள். எங்களுக்கு ஏன் தனி நிறம் இல்லை என்று மற்றவர்களுக்கு மனத்தாங்கல் வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் மதக் கணக்கே வேண்டாம் என்று அர்த்தத்தையே மாற்றினார்கள். நடுவில் இருந்த இராட்டை, சுதந்திரம் வந்தபோது சக்கரம் ஆயிற்று. அதன் பிறகும் ரொம்ப காலம் சாதாரண ஜனம் நினைத்த நாளில் தன் வீட்டில் கொடியேற்ற முடியாது. கோர்ட்டு வரைக்கும் போய்த்தான் அந்த உரிமை வந்தது. கையால் நூற்ற துணிதான் என்றிருந்தது போய் இப்போது பாலியஸ்டரும் வந்தாயிற்று.

"அப்போ அர்த்தத்த யாரு டீச்சர் மாத்தறது? சர்க்காரா?" என்று கேட்டான் கடைசி பெஞ்சு அருள்.

"கொடிக்குக் கீழ நிக்கறவங்கதான்டா மாத்தறாங்க. நாளைக்கு நீங்க நிப்பீங்க. சொல்லுங்க, உங்களுக்குக் கொடின்னா இன்னா?"

"மிட்டாய்" என்றான் அவன். வகுப்பே கொல்லென்று சிரித்தது. தேவயானிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பொய் சொல்லவில்லையே பையன்!

அப்போதுதான் நதியா எழுந்தாள். விடுதியில் தங்காமல், ஈச்சங்கொல்லை என்கிற சின்ன ஊரிலிருந்து தினமும் நடந்து வருகிற பெண். வாயைத் திறந்தால் நேரே பேசுவாள்; திறக்க வைப்பதுதான் கஷ்டம்.

"கொடின்னா வழக்கு தீர்ந்திச்சின்னு அர்த்தம் டீச்சர்."

"எப்பிடிம்மா?"

"எங்க ஊர்ல அம்மன் திருவிழாவுக்குக் கொடி ஏத்தறப்ப, நாட்டாமை கயித்தைக் கையில புடிச்சிக்கினு கேப்பாரு. 'யாருக்காவது வழக்கு இருக்குதா?'ன்னு. இருக்குதுன்னு யாராவது சொன்னா எல்லாரும் அப்பிடியே உக்காந்துடணும். பேசித் தீர்த்தாத்தான் கொடி ஏறும். போன வருசம் ஒரு பலா மரத்துக்கு அண்ணன் தம்பி அடிச்சிக்கினாங்க. காலையில ஏற வேண்டிய கொடி, பொழுது சாயறப்பதான் ஏறிச்சி."

"கேக்கறப்ப சொல்லாம உட்டுட்டா?"

"அவ்ளோதான் டீச்சர். கொடி ஏறிட்டா வழக்கு செத்துச்சி. அப்புறம் அத்தப் பத்தி யாரும் வாயே தொறக்கக் கூடாது. கோர்ட்டு, ஸ்டேஷன் எங்கயும் போகக் கூடாது."

மற்ற மலைப்பிள்ளைகளும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எல்லா ஊரிலும் அதுதான் வழக்கமாம். தேவயானி சாக்பீஸை எடுத்தாள். தியாகம், உண்மை, செழிப்பு என்று எழுதியிருந்த கரும்பலகையில் நான்காவதாக 'வழக்கு தீர்ந்தது' என்று எழுதிப் போட்டாள். ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டே போன சக்கரவர்த்தி, மாலையில் கூப்பிட்டு, "பாடத்துல இருக்கறத மட்டும் நடத்துங்க மேடம். நமக்கு எதுக்கு ஊர் வம்பு?" என்றார். நல்ல மனிதர்தான். யாருக்கும் ஒரு கெடுதல் செய்ததில்லை. ஒரு நல்லதும் செய்ததில்லை.

ஆகஸ்டு பிறந்தது. அந்த வாரத்தில் நதியா இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தபோது சீருடை இல்லை. பெரியவர்கள் யாருடையதோ ஒரு சட்டை தொளதொளவென்று தொங்கியது. தேவயானி தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"வூட்டைப் பிரிச்சிப் போட்டுட்டாங்க டீச்சர்."

"யாரு?"

"பாரஸ்ட் ரேஞ்சர்."

அந்தப் பெண் அழவில்லை. அன்று சாயங்காலம் தேவயானி அவளுடனேயே ஈச்சங்கொல்லைக்கு நடந்தாள். போய்ப் பார்த்தால், நதியாவின் வீடு இருந்த இடத்தில் மண் மேடுதான் இருந்தது. சுற்றிலும் முழங்கால் உயரத்துக்குச் சாமைப் பயிர் பச்சைப் பசேலென்று நிற்க, அதன் நடுவே ஜீப்புச் சக்கரம் ஏறி இறங்கிய தடம். நதியாவின் அம்மா மாதம்மாள் புளிய மரத்தடியில் மூன்று கல் கூட்டி உலை வைத்துக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் உட்காரச் சொல்ல ஒரு பலகைகூட இல்லையே என்று அவள் கூச, தேவயானி வெறும் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

நதியாவின் அப்பா கருப்பன் நிதானமாகவே சொன்னார். அவருடைய அப்பா காலத்திலிருந்து உழுகிற நிலம். பட்டா கேட்டு வன உரிமைச் சட்டத்தில் மனு கொடுத்திருக்கிறார். கிராம சபையும் ஆமாம் இவர் நிலம்தான் என்று தீர்மானம் போட்டாயிற்று. மனு கீழே ஆபீசில் தூங்குகிறது. அது எழுந்திருக்கும் முன்னால் ரேஞ்சர் பார்த்திபன் ஆட்களோடு வந்து, இது காட்டு நிலம், இன்றைக்கே காலி பண்ணு என்று கூரையில் கை வைத்துவிட்டார்.

"மனு முடியற வரைக்கும் உங்கள அசைக்கவே கூடாதுங்க. சட்டமே இருக்குது!" தேவயானியின் குரல் உயர்ந்துவிட்டது. "நாளைக்கே கிளம்புங்க. திருப்பத்தூருக்கு நானும் கூட வர்றேன். கலெக்டரப் பாத்துடலாம்."

"இன்னாத்துக்கு டீச்சரம்மா அவ்ளோ தூரம்?" என்றார் கருப்பன். "பதினஞ்சாம் தேதி நம்ம பள்ளிக்கூடத்துல கொடியேத்த ரேஞ்சரேதான் வர்றாராமே. கயித்தப் புடிச்சிக்கினு கேப்பாரு இல்ல? அப்ப ஊரு முன்னால சொல்லிக்கறோம். அவரே பதில் சொல்லட்டும்."

தேவயானி அவர் முகத்தைப் பார்த்தாள். மனிதர் கிண்டல் செய்யவில்லை. முழு நம்பிக்கையோடு சொல்கிறார்.

"சர்க்கார் கொடியேத்தறப்ப அப்பிடியெல்லாம் கேக்க மாட்டாங்களேங்க."

கருப்பன் அவளை விநோதமாகப் பார்த்தார். "கேக்காம எப்பிடிங்க ஏத்துவாங்க? ஒரு ஊரு அம்மன் கொடிக்கே கேக்கறோம். இது தேசத்துக் கொடி. இதுக்குக் கேக்க மாட்டாங்களா?"

பி.எட். படிப்பில் இதற்குப் பதில் சொல்லித்தரவில்லை. இதுவரை கருப்பன் பள்ளிக்கூடத்துக் கொடியேற்றத்துக்கு வந்ததில்லை. அவருக்கு வழக்கும் இருந்ததில்லை. பெரிய பயம் தேவயானிக்கு அதற்கு அப்புறம்தான் வந்தது. ரேஞ்சர் கேட்காமல் கொடியை ஏற்றிவிட்டால்? கொடி ஏறிட்டா வழக்கு செத்துச்சி. அதன் பிறகு கருப்பன் கலெக்டரிடமும் போக மாட்டார், கோர்ட்டுக்கும் போக மாட்டார். சாமி சத்தியமாகப் போக மாட்டார். அந்த ஒரு நிமிடத்தில் நிலமும் வீடும் ரேஞ்சருக்கே தாரை வார்த்ததாக ஆகிவிடும். வாங்கிக்கொண்டது அந்த ஆளுக்கே தெரியாது!

மறுநாள் சக்கரவர்த்தியிடம் போய் நின்றாள்.

"சார், வேற சீஃப் கெஸ்ட்டக் கூப்புடலாம்."

"அழைப்பு கொடுத்தாச்சி மேடம். போன மாசம்தான் நமக்குத் தண்ணி சுத்திகரிக்கிற மெஷின் வாங்கிக் குடுத்தாரு."

"அதே கையாலதான் நம்ம பொண்ணோட வூட்டப் பிரிச்சிருக்காரு."

"அது வேற, இது வேற."

"சரி, அவரே வரட்டும். கயித்த இழுக்கறதுக்கு முன்னால, யாருக்காவது குறை இருக்குதான்னு ஒரே ஒரு வார்த்தை கேக்கச் சொல்லுங்க. இந்த ஜனங்க அத்த நம்பி வர்றாங்க சார்."

சக்கரவர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கொடியேத்தறதுக்கு விதிமுறை இருக்குது. அதுல கேள்வி கேக்கறது எங்கயும் இல்ல. குறை இருந்தா மனு நீதி நாள்ல போய்க் குடுக்கட்டும். அது வேற, இது வேற."

எல்லாமே வேறுதான்! கொடி வேறு, வீடு வேறு, சட்டம் வேறு, சாமை வேறு. ஒன்றை ஒன்று தொடாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் இவ்வளவு சம்பளமும் நாற்காலியும் கொடுத்து வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. அதோடும் விடாமல் ரேஞ்சருக்கே போன் போட்டாள். "டீச்சர் வேலையப் பாருங்கம்மா" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார் அவர். மறுபடியும் ஈச்சங்கொல்லைக்குப் போய்க் கருப்பனிடம் சொல்லிப் பார்த்தாள். அவர், "மனுசன் கயித்தத் தொட்டதும் தானா கேட்டுடுவாரும்மா, பாருங்க" என்று இவளுக்கே தைரியம் சொல்லி அனுப்பினார்.

பதினைந்தாம் தேதி காலை. பள்ளி மைதானத்தில் வழக்கமாக வருகிற நாலு பெற்றோர் அல்ல, ஈச்சங்கொல்லையும் அக்கம்பக்கத்து ஊர்களும் திரண்டு வந்திருந்தன. துவைத்த வேட்டி, தலைக்கு எண்ணெய், பெண்கள் தலையில் கனகாம்பரம். கருப்பன் குளித்து, விபூதி பூசி, முன் வரிசையில் கைகட்டி நின்றார். திருவிழாவுக்கு வருகிற மாதிரிதான் வந்திருந்தார்கள். கூட்டத்தைப் பார்த்த சக்கரவர்த்திக்கு வாயெல்லாம் பல். "நம்ம விழாவுக்கு இவ்ளோ வரவேற்பா!" என்று உடற்பயிற்சி ஆசிரியர் சேட்டுவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

ரேஞ்சர் பார்த்திபன் இரண்டு காவலர்களோடு ஜீப்பில் வந்து இறங்கினார். விறைப்பான சீருடை, சட்டைப் பையில் குத்திய காகிதக் கொடி. அருள் மைக்கில் மூன்று வரியை ஒப்பித்தான். கைதட்டல். கம்பத்தின் அடியில் பூ வைத்துக் கட்டியிருந்த கொடியின் கயிற்றை சேட்டு எடுத்து ரேஞ்சரிடம் நீட்டினார்.

ரேஞ்சர் கயிற்றைப் பிடித்தார். மலை ஜனம் மொத்தமும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது. அவரோ போட்டோ எடுக்கிற காவலரைப் பார்த்து, "ரெடியா?" என்றார்.

அதுதான் அவர் கேட்ட ஒரே கேள்வி.

"சார், வழக்கு இருக்குது!"

பாட்டுப் பாடுகிற பெண்களின் வரிசையிலிருந்து நதியாவின் குரல் கணீரென்று வந்தது. அடுத்த நொடி கருப்பன் உட்கார்ந்தார். மாதம்மாள் உட்கார்ந்தாள். நாட்டாமை உட்கார்ந்தார். பிறகு காற்றடித்த பயிர் மாதிரி அந்தக் கூட்டமே தரையில் உட்கார்ந்துவிட்டது. வரிசையில் நின்ற மலைப்பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள்.

ரேஞ்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. முகம் சிவந்துவிட்டது. "இன்னாயா இது? கொடியேத்தற நேரத்துல உக்கார்றதா? தேசியக் கொடிய அவமானம் பண்ணா இன்னா தண்டனை தெரியுமா? அத்தனை பேரையும் உள்ள தள்ளிடுவேன்!"

"அவமானம் இல்லைங்க சார்!" தேவயானி ஓடிப்போய் அவர் எதிரில் நின்றாள். "மரியாதைங்க. இவங்க வழக்கம் அது. ஒரே ஒரு நிமிசம் அந்தப் பொண்ணு சொல்றதக் கேளுங்க. கேட்டுட்டு ஏத்துங்க."

"யாரும்மா நீ? ஹெச்.எம். சார், இன்னா நடக்குது இங்க?"

"ஒண்ணும் இல்லைங்க சார், நீங்க ஏத்துங்க, ஏத்துங்க" என்றார் சக்கரவர்த்தி. அவர் நெற்றியில் வேர்வை ஆறாக ஓடியது. "மேடம், தள்ளி வாங்க. எதா இருந்தாலும் அப்புறம் பேசிக்கலாம்."

"கொடி ஏறிட்டா அப்புறம் இல்ல சார்!" என்று கத்தினாள் நதியா.

ரேஞ்சர் இழுத்தார். கொடி சரசரவென்று மேலே போனது. உச்சியில் ஒரு சுண்டு. பூ உதிர்ந்தது, கொடி விரிந்தது.

உடனே உட்கார்ந்திருந்த ஜனம் எழுந்து நின்றது. யாரும் எழச் சொல்லவில்லை. கொடி ஏறிவிட்டது, அவ்வளவுதான். கருப்பன் தலைக்கு மேலே கைகூப்பினார். மாதம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். கத்திய நதியா வாயை மூடிக்கொண்டு, நேராக நின்று, மற்ற பெண்களோடு சேர்ந்து தேசிய கீதம் பாட ஆரம்பித்தாள். ஒரு வார்த்தை பிசகாமல் பாடினாள்.

தேவயானி விறைத்து நின்று பாடினாள். அந்த மைதானத்தில் அந்தக் கொடிக்கு உண்மையாக மரியாதை கொடுத்தவர்கள் யார்? ஏறிவிட்டது என்பதற்காக வீட்டையும் நிலத்தையும் வாய் பேசாமல் விட்டுக்கொடுத்து நிற்கிறார்களே, இவர்களா? மனு நிலுவையில் இருக்கும்போதே கூரையைப் பிரித்த கையால் கயிற்றை இழுத்துவிட்டு சல்யூட் அடிக்கிறாரே, அவரா? கொடிக்குக் கீழே நிற்கிறவர்கள்தான் அர்த்தத்தை மாற்றுகிறார்கள் என்று பெரிய இவள் மாதிரி பாடம் நடத்தினாளே. நடத்திவிட்டுச் சும்மா நிற்பதற்கா?

கீதம் முடிந்தது. ரேஞ்சர் மைக்கைத் தட்டினார். "அன்பார்ந்த மலைவாழ் மக்களே! இந்தக் கொடி நமக்குச் சொல்றது இன்னான்னா..."

தேவயானி கம்பத்தை நோக்கி நடந்தாள். முடிச்சை அவிழ்த்தாள். ஓடிவரவில்லை, பிடுங்கவில்லை. சேட்டு தினமும் சாயங்காலம் இறக்குவாரே, அதே நிதானத்தில் கயிற்றைக் கையிலிருந்து விட்டு விட்டு இறக்கினாள். இறக்குவது குற்றமா என்று யோசித்தாள். வேலை போகும், அது நிச்சயம். ஆனால் தரையில் படாமல், கிழியாமல், கசங்காமல் இறக்கினால் கொடிக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

"ஏய்! புடிங்கடா அந்தம்மாவ!" என்று மைக்கிலேயே அலறினார் ரேஞ்சர். காவலர்கள் இரண்டு பேரும் பாய்ந்து வந்தார்கள். வந்தவர்கள் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டார்கள். கொடி அதற்குள் தேவயானியின் கைக்கு வந்திருந்தது. இழுபறியில் அது மண்ணில் விழுந்தால் யார் பதில் சொல்வது? சேட்டு ஓடிவந்தார். தடுக்கத்தான் வந்தார். வந்தவர், தரையைத் தொடப்போன மறுமுனையைப் பார்த்ததும் சட்டென்று இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். ஏந்தியதை விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை. அப்படியே நின்றுவிட்டார்.

"கொடி இன்னும் ஏறலைங்க!" தேவயானி உரக்கச் சொன்னாள். மைக் தேவைப்படவில்லை. "கேக்காம ஏத்தினது ஏத்தினதா ஆகாது. நான் கேக்கறேன். யாருக்காவது வழக்கு இருக்குதா?"

கருப்பன் நாட்டாமையைப் பார்த்தார். நாட்டாமை வெறுமையாக நின்ற கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். மைதானம் மறுபடியும் உட்கார்ந்தது. ஜீப்பு போகிற வழியிலும் உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் பக்கம் கைதூக்கி, "உக்காருங்க, உக்காருங்க" என்றான் அருள். சக்கரவர்த்தி நாற்காலியில் ஏற்கெனவே விழுந்துகிடந்தார்.

"சொல்லும்மா நதியா" என்றாள் தேவயானி.

நதியா வரிசையைவிட்டு வெளியே வந்து ரேஞ்சருக்கு எதிரில் நின்றாள். இவ்வளவு நேரம் வராத அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"என் பேரு நதியா. எங்கப்பா கருப்பன், எங்கம்மா மாதம்மா. எங்க வூட்டைப் பிரிச்சி நீங்க ஜீப்புல ஏத்திக்கினு போனீங்க சார். சாந்தெடுத்து எங்கம்மா பூசின மூங்கில் படல் கதவு. என் யூனிபாரம் ரெண்டு. எங்கப்பாவோட கலப்பை. தம்பி பொறந்தப்ப கட்டின தூளிக் கயிறு. அவன் செத்துப்போய்ட்டான், அது மட்டும்தான் இருந்திச்சி. எல்லாம் காட்டோட பொருள்னு சொல்லிட்டு எடுத்துக்கினீங்க." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இதுல எது சார் காட்டுல மொளைச்சிது?"

ரேஞ்சர் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒலிபெருக்கியில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. எதிரே மலை ஜனம் அவசரமே இல்லாமல் உட்கார்ந்திருந்தது. சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்து பழகியவர்கள். தேவயானியும் சேட்டுவும் ஆளுக்கொரு முனையாகக் கொடியை ஏந்திக்கொண்டு, அவர் பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.